முட்டைக்குள் ஒரு குடித்தனக்காரர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், விலங்கியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். "சார், பழைய கதையெல்லாம் மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில பேசிக்கலாம். மேடையில பிள்ளைங்களுக்கு உபயோகமா ஒரு விஷயம் சொல்லுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். என் உத்தியோக காலம் முழுவதும் கொசுவோடும் யானைக்கால் நோயோடும் போனது. அதனால் கொசுவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொசு என்றதும் சில பேர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். கொசுவைவிடச் சின்னதான ஒரு ஆசாமிதான் இன்றைக்குக் கதாநாயகன்.

இந்தக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் கோழிக்கரு ஸ்லைடு பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. 24 மணி நேரக் கரு, 48 மணி நேரக் கரு, 72 மணி நேரக் கரு. மூக்கில் ஃபார்மலின் நெடி, கையில் பென்சில், பக்கத்தில் ரெக்கார்டு நோட்டு. அன்று எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் இதுதான்: ஒரு உயிர் எப்படி வளர வேண்டும் என்ற கட்டளை முழுவதும் முட்டைக்குள்ளேயே இருக்கிறது. பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. வெளியிலிருந்து வெப்பமும் காற்றும் கிடைத்தால் போதும். கிருமி என்றால் நோய். அது பாடத்தில் வேறு அத்தியாயம், வேறு துறை, வேறு கட்டடம்.

அந்தப் பாடம் பொய் என்று சொல்ல வரவில்லை. அதில் மூன்றாவது ஆள் ஒருவர் விடுபட்டுப் போனார், அவ்வளவுதான்.

ஹவாய்த் தீவுக் கரையோரக் கடலில் கட்டைவிரல் அளவு கணவாய் ஒன்று உண்டு. யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ் என்று பெயர். இரவில்தான் வேட்டைக்குக் கிளம்பும். மேலேயிருந்து நிலா வெளிச்சம் விழும்போது தன் நிழலுருவம் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமலிருக்க, வயிற்றுப் பக்கம் ஒரு விளக்கு வைத்திருக்கிறது. விளக்கில் எரிவது கணவாயின் சொந்த எண்ணெய் இல்லை. விப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிவிடும் பாக்டீரியா. குஞ்சு பொரிந்து வரும்போது அதன் உடம்பில் அந்தக் கிருமி கிடையாது. கடல்நீரிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிப்பதற்கென்றே விளக்கு உறுப்பின் மேல் கொம்பு மாதிரி மெல்லிய இழைகள் ஆடிக்கொண்டிருக்கும். சரியான கிருமி உள்ளே போய்க் குடியேறிய சில நாட்களில் அந்தக் கொம்புகள் தாமாகவே சுருங்கி மறைந்துவிடும். அந்தக் கிருமி இல்லாத நீரில் குஞ்சை வளர்த்துப் பார்த்தால் கொம்புகள் அப்படியே நிற்கும், உறுப்பு முதிர்ச்சி அடையாது. அதாவது, "ஆள் வந்தாச்சு, வாசலை மூடிக்கோ" என்று கணவாயின் செல்லுக்குச் சொல்வது ஒரு பாக்டீரியா. கருவியல் புத்தகத்தில் இதற்கு ஓர் இடம் கொடுத்தே ஆக வேண்டியதாயிற்று.

கணவாய் ஹவாயில் இருக்கட்டும். நம் சாக்கடைக்கு வருவோம்.

1924-ல் அமெரிக்காவில் ஹெர்டிக், வொல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவின் சூலகத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்லுக்குள்ளே பொடிப்பொடியாகக் கிருமிகள். கொசு செத்துவிடவில்லை, நோய்வாய்ப்பட்டதாகவும் தெரியவில்லை. 1936-ல் ஹெர்டிக் அதற்கு வொல்பாக்கியா என்று தன் சகாவின் பெயரையே வைத்தார். பிறகு உலகம் அதைக் கிட்டத்தட்ட மறந்துபோனது. ஒரு கெடுதலும் செய்யாத கிருமிக்கு யார் ஆராய்ச்சிப் பணம் கொடுப்பார்கள்?

இன்றைக்குப் பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதியில் இந்த வொல்பாக்கியா இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அதன் குணம் அத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு விஷயம். அது செல்லுக்குள்தான் வாழும், அம்மாவிடமிருந்து முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். விந்தணுவில் அதற்கு இடமில்லை. ஆகவே ஆண் பூச்சி அதற்கு ஒரு முட்டுச்சந்து. பெண் பூச்சிதான் நெடுஞ்சாலை. அப்படியென்றால் அந்தக் கிருமிக்கு எது லாபம்? ஊரில் ஆண் குறைய வேண்டும், தன்னைச் சுமக்கும் பெண் பெருக வேண்டும். இதை அது சாதித்துக்கொள்ளும் வழிகளைக் கேட்டால் நம்மூர் வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர் என்றாலே பயப்படுவார்கள்.

ஹைப்போலிம்னாஸ் பொலினா என்ற வண்ணத்துப்பூச்சி நம் ஊரிலும் பறப்பதுதான். ஆணுக்குக் கறுப்புச் சிறகில் நீல விளிம்போடு வெள்ளைப் பொட்டு இருக்கும். பசிபிக் கடலின் சமோவா தீவுகளில் இதே இனத்தில் 2001-ல் நூற்றுக்கு ஒன்றுதான் ஆண். ஆண் கரு எல்லாவற்றையும் வொல்பாக்கியா முட்டையிலேயே கொன்றுவிடும். 2006-ல் போய்ப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பது அளவுக்கு ஆண்! பத்துத் தலைமுறைக்குள் வண்ணத்துப்பூச்சி பக்கம் ஒரு எதிர்ப்பு மரபணு பரவி, கிருமியின் கையைக் கட்டிப் போட்டுவிட்டது. பரிணாமம் என்றால் லட்சம் வருஷம் என்று நாம் பரீட்சையில் எழுதினோம். இது ஐந்து வருஷத்தில் நடந்தது.

தொட்டதும் மாத்திரை போலச் சுருண்டுகொள்ளும் ஒரு சிறு உயிர் ஈரமண்ணில் வாழ்கிறது, நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்து உறவு. அதில் வொல்பாக்கியா ஆணாகப் பிறக்க வேண்டியதைப் பெண்ணாகவே வளர்த்துவிடும். இன்னொன்று உங்களில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. கரும்பு சோகைக்கு அடியில் ஒட்டுண்ணி அட்டை கட்டுகிறோமே, இடைக்கணுப் புழுவுக்கு, அந்த அட்டையில் இருப்பது டிரைக்கோகிரம்மா என்ற குளவி. அந்தக் குளவி வகையறாவில் சில இனங்களில் பெண் மட்டுமே உண்டு, ஆணே இல்லாமல் பெண்ணாகப் பெற்றுக்கொண்டே போகும். 1990-ல் அவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். மறு தலைமுறையில் ஆண் குளவி வந்துவிட்டது. ஆண் வேண்டாம் என்று தீர்மானித்திருந்தது குளவியில்லை, உள்ளே இருந்த கிருமி.

இனி கொசுவின் கதை. கியூலெக்ஸ் கொசு நூற்றுக்கணக்கான முட்டைகளைப் படகு மாதிரி ஒட்டவைத்துத் தண்ணீரில் மிதக்கவிடும். சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் கறுப்பு அரிசி மணி அளவுக்குத் தெரியும். 1950-களில் ஜெர்மனியில் லாவன் என்பவர் ஒரு ஊர்க் கொசுவை இன்னொரு ஊர்க் கொசுவோடு சேர்த்தார். படகு வந்தது, ஆனால் ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. அதே இரண்டு ஊரை மாற்றி, இந்த ஊர்ப் பெண்ணையும் அந்த ஊர் ஆணையும் சேர்த்தால் சில சமயம் நன்றாகவே பொரித்தது. இனம் ஒன்று, குரோமோசோம் ஒன்று. தாய் வழியாக வரும் ஏதோ ஒன்று தடுக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

அந்த "ஏதோ ஒன்று" என்னவென்று தெரியாமலே லாவன் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டார். 1967-ல் பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்தில் ஓக்போ என்ற சிறிய கிராமம். வேற்றூர் ரக ஆண் கொசுக்களைத் தினமும் ஆயிரக்கணக்கில் பறக்கவிட்டார். ஆண் கொசு கடிக்காது, செடிச்சாறுதான் குடிக்கும். அந்த ஆண்களோடு சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள் இட்ட படகுகள் பொரியவில்லை. மூன்று மாதத்துக்குள் கிராமத்தில் பொரிக்கும் படகு ஒன்றுகூட இல்லை. மருந்து ஒரு சொட்டுத் தெளிக்காமல்!

1971-ல்தான் யென், பார் என்ற இரண்டு கலிஃபோர்னிய ஆராய்ச்சியாளர்கள் கொசுக்களுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்து, கிருமி போனால் இந்தத் தடையும் போய்விடுகிறது என்று காட்டினார்கள். 1924-ல் ஒருவர் பார்த்த கிருமியும், 1950-களில் இன்னொருவர் பார்த்த பொரியாத முட்டையும் ஒரே கதையின் இரண்டு பாதி என்று தெரிய 47 வருஷம் ஆயிற்று. இந்த வேலை நடக்கும் விதத்தை இப்படிச் சொல்லலாம்: கிருமி உள்ள ஆணின் விந்தணு போகும்போது ஒரு பூட்டோடு போகிறது. அதே கிருமி உள்ள பெண்ணின் முட்டையில் சாவி இருக்கும், திறந்துகொள்ளும். கிருமி இல்லாத முட்டையில் சாவி இல்லை. முதல் செல் பிரிதலிலேயே தந்தையின் குரோமோசோம்கள் சிக்கிக்கொள்ள, கரு செத்துவிடும். கிருமி உள்ள பெண்ணுக்கு எந்த ஆணோடு சேர்ந்தாலும் பிள்ளை உண்டு. இல்லாத பெண்ணுக்குப் பாதி வாசல் அடைப்பு. அதனால் ஓரளவுக்கு மேல் இருப்புப் பிடித்துவிட்டால் கிருமி தானாகவே ஊர் முழுக்கப் பரவிவிடும்.

இப்போது யானைக்கால். காவிரிக்கரை ஊர்களில் இரவு ரத்தப் பரிசோதனைக்குப் போவோம். எட்டரை மணிக்குக் கிளம்பி நடுராத்திரி வரை. ஏன் ராத்திரி என்றால், யானைக்கால் புழுவின் குட்டிகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒளிந்துகொண்டு, கியூலெக்ஸ் கடிக்கும் நேரத்தில்தான் மேல்ரத்தத்துக்கு வரும். அவ்வளவு நேரம் தவறாத உத்தியோகஸ்தரை நான் பார்த்ததில்லை. திண்ணையில் படுத்திருப்பவரை எழுப்பி விரல் நுனியில் குத்தி ஸ்லைடு எடுக்க வேண்டும். திட்டு வாங்காத ராத்திரி கிடையாது.

நெசவுத் தெருவில் ஒரு பெரியம்மா. கால் வீக்கம் எதுவும் இல்லை, ஆனால் ஸ்லைடில் புழு இருந்தது. பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுத்தோம். மூன்றாம் நாள் போனபோது கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தானே இருந்தேன் தம்பி. ஒங்க மாத்திரதான் காய்ச்சலக் கொண்டாந்துச்சு. இனிமே வேணாம், எடுத்துக்கிட்டுப் போயிடு" என்றார். "புழு சாகும்போது காய்ச்சல் வரும் பெரியம்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொன்னோம். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட விளக்கம் அதுதான். அவர் மிச்ச மாத்திரையைப் போடவில்லை. அவர் மட்டுமில்லை, அந்தத் தெருவில் பாதிப் பேர் போடவில்லை.

அந்த விளக்கத்தின் மறுபாதி 1990-களில்தான் தெளிவானது. 1970-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் யானைக்கால் வகைப் புழுக்களின் உடம்புக்குள் பாக்டீரியா போன்ற உருவங்கள் தெரிந்திருந்தன. மரபணுவைப் படித்துப் பார்த்தால் வொல்பாக்கியா! புழு சாகும்போது அதன் உள்ளிருந்து இந்தக் கிருமிகளும் நம் ரத்தத்தில் கொட்டுகின்றன. பெரியம்மாவுக்கு வந்த காய்ச்சலில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசுவுக்குள்ளும் வொல்பாக்கியா, சுமக்கப்படும் புழுவுக்குள்ளும் வொல்பாக்கியா. வேறு வேறு கிளை, ஆனால் ஒரே வம்சம். கொசுவுக்குள் இருப்பது அடாவடிக் குடித்தனக்காரர். கொசுவுக்கு அது இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. புழுவுக்குள் இருப்பது அப்படியில்லை. அது இல்லாமல் புழுவின் குட்டி சரியாக வளராது, தாய்ப்புழுவின் வயிற்றில் கரு உருவாகாது. கொசுவிலிருந்து மனித உடம்புக்குள் புழு நுழைந்ததும் முதல் வேலையாக அதனுள்ளே கிருமி வேகமாகப் பெருகுகிறது. வளர்ச்சிக்கு ஆள் தேவைப்படும் நேரம் அது.

அப்படியானால் புழுவை விட்டுவிட்டுக் கிருமியை அடிக்கலாமே? அடித்தார்கள். முகப்பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் கொடுக்கிற டாக்சிசைக்ளின் மாத்திரைதான். தான்சானியாவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மாதங்கள் கழித்து ஸ்கேனில் பார்த்தபோது, நிணநீர்க் குழாயில் எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும் தாய்ப்புழுக்கள் பெரும்பாலானவர்களிடம் அடங்கிவிட்டிருந்தன. அந்த நெளிவுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபைலேரியா நடனம். புழு உடனே சாவதில்லை. முதலில் மலடாகிறது, பிறகு மெல்ல மடிகிறது. மெல்ல மடிவதால் பெரியம்மாவைப் போர்வைக்குள் தள்ளிய மாதிரி காய்ச்சலும் அதிகம் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் தினமும் மாத்திரை. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. ஊர் ஊராக வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கிற மருந்தில்லை இது. தனி நோயாளிக்கு டாக்டர் பார்த்துக் கொடுப்பது. ஊருக்கென்று வரும்போது, வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் விழுங்கவைக்கும் டிஇசி, ஆல்பெண்டசோல் போன்ற மாத்திரைகள்தான். தாய்ப்புழு ஐந்தாறு வருஷம் உயிரோடிருந்து குட்டி போடுவதால்தான் ஒரு வருஷம் போட்டால் போதாது என்று கெஞ்சுகிறார்கள். வீங்கிவிட்ட காலைப் பொறுத்தவரை, தினம் சோப்பு போட்டுக் கழுவி ஈரம் துடைத்து, விரலிடுக்கில் புண் வராமல் பார்த்துக்கொள்வதற்கு ஈடான வைத்தியம் இன்னும் வரவில்லை.

கடைசியாக டெங்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசுவில் இயற்கையில் வொல்பாக்கியா கிடையாது. பழ ஈயிலிருந்து எடுத்த கிருமியை நுண்ணிய ஊசியால் ஏடிஸ் முட்டைக்குள் செலுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் குழு பல வருஷம் மெனக்கெட்ட வேலை இது. எதிர்பாராத ஒரு லாபம் 2009-ல் தெரிந்தது. கிருமி குடியேறிய ஏடிஸில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகவில்லை! 2011-ல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரப் பகுதிகளில் வெளியே விட்டார்கள். அதன்பின் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தை 24 பகுதியாகப் பிரித்து, சீட்டுப் போட்டு 12 பகுதியில் மட்டும் விட்டார்கள். 2021-ல் வந்த முடிவு: விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு. முட்டை வாளியைத் தங்கள் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ள அங்கே ஜனங்கள் இடம் கொடுத்தார்கள். எனக்கு அந்த 77-ஐவிட இதுதான் பெரிய செய்தியாகப் பட்டது.

சிங்கப்பூரில் வேறு வழி. ஆண் கொசுவை மட்டும் விடுகிறார்கள், லாவன் பர்மாவில் செய்த மாதிரி. அதில் கொசு குறையும், ஆனால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். யோக்யகர்த்தா வழியில் பெண்ணையும் விடுவதால் கிருமி ஊரில் நிலைத்துவிடும், ஆனால் கொசுவும் இருக்கும், கடிக்கவும் செய்யும். நம் பக்கத்தில் புதுச்சேரி வெக்டார் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலிய மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முட்டைகளின் கொசுக்களை உள்ளூர் ஏடிஸோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, இரண்டு வகை வொல்பாக்கியா உள்ள கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. இரண்டு வகை எதற்கென்றால், பழ ஈயிலிருந்து வந்த வகைக்கு வெயில் ஆகாது. தண்ணீர்த் தொட்டி நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சுட்டால் புழுப்பருவத்திலேயே கிருமி குறைந்துவிடும். மற்ற வகை கொஞ்சம் சூடு தாங்கும். மலேசியாவில் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆக, நாளைக்கு உங்கள் தெருவுக்கே யாராவது வந்து, "கொசு விடப் போகிறோம்" என்று சொல்லக்கூடும். இந்த நாட்டில் இது முதல் தடவையும் இல்லை. 1969-ல் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டெல்லியில் கொசு மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கின. பணம் அமெரிக்கா கொடுத்தது. கிராமங்களில் ஆண் கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். சோனேபட்டில் ஏடிஸ் விடத் திட்டமிட்டிருந்த நேரத்தில், இது வேறு எதற்கோ ஒத்திகை என்று பத்திரிகைகள் எழுதின. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு கேள்வி கேட்டது. 1975-ல் மூடிவிட்டார்கள். அறிவியல் சரியில்லை என்று மூடவில்லை. யாருடைய பணம், யாருடைய கொசு, எதற்காக என்பதை ஜனங்களுக்கு முன்கூட்டியே உட்கார்ந்து சொல்லாததுதான் வினையாயிற்று என்பது என் அபிப்பிராயம். நெசவுத் தெருவில் நாங்கள் கண்டதும் அதுதானே.

ஆகவே தம்பி தங்கைகளே, அப்படி ஒருவர் வந்தால் விரட்டவும் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு கதவைத் திறக்கவும் வேண்டாம். உட்காரவைத்துக் கேளுங்கள். ஆண் மட்டுமா, பெண்ணுமா? எத்தனை மாதம்? அந்த நாட்களில் கடி அதிகமானால் யாரிடம் சொல்வது? எங்கள் ஊர் வெயிலில் கிருமி தங்குகிறதா என்று யார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை பிடித்துப் பார்ப்பார்கள்? வைரஸ் தன்னை மாற்றிக்கொள்கிறதா என்று கவனிப்பது யார்? முடிவை எங்களுக்கு எந்தப் பாஷையில் சொல்வீர்கள்?

"அந்தக் கிருமி நமக்கு ஒட்டிக்குமா?" என்று உங்கள் பாட்டி கேட்பார். அதற்கு நீங்களே பதில் சொல்லலாம். மனிதச் செல்லில் அது வாழ்வதில்லை. சாக்கடைக் கொசுவில் அது காலம்காலமாக இருந்துவருகிறது. பாட்டியை அந்தக் கொசு கடிக்க ஆரம்பித்து எழுபது வருஷம் ஆகிறது.

செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். சாம்பார் வாசனையும் வருகிறது. கேள்வி இருப்பவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்காரலாம்.